வாய்ப் புற்றுநோயின் போக்கை முன்னறிவிக்குமா நொதியங்கள்?

இலங்கையில் ஆண்களைப் பீடிக்கும் புற்றுநோய்களுள் வாய்ப் புற்றுநோய் முன்னணியில் உள்ளது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை சேர்ந்த வெற்றிலைக்கூறே இதற்குப் பிரதான காரணியாகும். புகையிலை சேராத வெற்றிலைக்கூறும், ஏன் பாக்குங்கூட, மனிதரில் புற்றுநோயை உண்டாக்குபவை என சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுநூலில் வகைப்படுத்தியது.

ஒரே அளவான கட்டியுடன் வரும் இரு நோயாளர்களில் ஒருவர் சத்திரசிகிச்சையுடன் குணமடைகின்றார். மற்றவரின் கழுத்திலுள்ள நிணநீர்க்கணுக்களுக்கோ நோய் பரவிவிடுகின்றது. இந்த வேறுபாட்டை முன்கூட்டியே அறிய முடியுமா என்ற கேள்விக்கு விடை தேடிய ஆய்வாளர்களின் கவனம் சில நொதியங்கள் மீது திரும்பியது.

வாயின் மேலணி இழையத்துக்குக் கீழே அடித்தள மென்சவ்வு ஒரு மதில் போல அமைந்துள்ளது. புற்றுநோய்க் கலங்கள் உள்ளே ஊடுருவ வேண்டுமாயின் இம்மதிலைக் கரைக்க வேண்டும். அப்பணியைச் செய்பவை மெட்டலோபுரோட்டினேஸ் எனப்படும் நொதியங்களாகும். 1962ஆம் ஆண்டு, தவளையின் வாற்பேயில் வால் சுருங்கி மறைவது எவ்வாறு என ஆராய்ந்தபோதே இக்குடும்பத்தின் முதல் நொதியம் கண்டறியப்பட்டது. இவற்றுள் 2ஆம், 9ஆம் இலக்க நொதியங்கள் அம்மென்சவ்வின் நான்காம் வகைக் கொலாஜனைச் சிதைப்பவை. இவற்றைக் கட்டுப்படுத்தவென எமது உடலே நான்கு வகையான இயற்கை நிரோதிகளைச் சுரக்கின்றது.

நொதியம் மிகுந்து நிரோதி குறைந்தால் நோய் பரவும் என எதிர்பார்ப்பது இயல்பே. கட்டியில் 9ஆம் இலக்க நொதியம் மிகுந்திருப்பது மோசமான போக்குடன் தொடர்புபட்டிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. எனினும் முதலாம் வகை நிரோதி மிகுந்தவர்களிலும் நோய் தீவிரமாக இருந்தமை அவதானிக்கப்பட்டது. அந்நிரோதி நொதியத்தைத் தடுப்பதோடு நின்றுவிடாது, கலங்களின் வளர்ச்சியையும் தூண்டவல்லது என்பதே இதற்குக் கூறப்படும் விளக்கம். இந்நொதியங்களைத் தடுக்கவென உருவாக்கப்பட்ட மரிமாஸ்டாட் போன்ற மருந்துகளும் பல்வேறு புற்றுநோய்களில் பரீட்சிக்கப்பட்டு, எதிர்பார்த்த பயனைத் தரவில்லை.

ஆகவே இக்குறிகாட்டிகள் இன்னமும் ஆய்வுகூடத்துக்கே உரியனவாக உள்ளன. வைத்தியசாலைகளில் நோயின் போக்கைத் தீர்மானிப்பவை கட்டியின் அளவு, அது ஊடுருவிய ஆழம், நிணநீர்க்கணுக்களின் நிலை என்பனவாகும். சர்வதேச நிலைவகுப்பின் 2017ஆம் ஆண்டுப் பதிப்பில் ஊடுருவல் ஆழம் புதிதாகச் சேர்க்கப்பட்டது. ஆரம்பநிலை வாய்ப் புற்றுநோயில், கழுத்துக் கணுக்களைக் கட்டியுடன் சேர்த்தே அகற்றியவர்களில் 80 வீதமானோரும், நோய் பரவும் வரை காத்திருந்து அகற்றியவர்களில் 67.5 வீதமானோரும் மூன்றாண்டுகளின் பின் உயிருடன் இருந்ததாக மும்பாய் டாட்டா நினைவு வைத்தியசாலையின் ஆய்வு 2015ஆம் ஆண்டு காட்டியது. கண்ணுக்குத் தெரியாத பரவலை முன்னறிவிக்கும் நம்பகமான குறிகாட்டி கிடைக்குமாயின், தேவையற்ற கழுத்துச் சத்திரசிகிச்சையிலிருந்து பலரை விடுவிக்கலாம். இவ்வாய்வுகளின் பெறுமதி அதிலேயே தங்கியுள்ளது.

ஆயினும் அதுவரை காத்திருக்க வேண்டிய அவசியம் எமக்கில்லை. வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, மூன்று வாரமாகியும் ஆறாத புண், வாயை முழுமையாகத் திறக்க இயலாமை ஆகியன எந்த ஆய்வுகூடமுமின்றி வீட்டுக் கண்ணாடியிலேயே தென்படும் அறிகுறிகளாகும். ஆரம்பத்தில் வலி இல்லாதிருப்பதே பலரையும் ஏமாற்றிவிடுகின்றது. புகையற்ற புகையிலைக் கலவைகள் 2016ஆம் ஆண்டு எமது நாட்டில் தடைசெய்யப்பட்ட போதிலும், திருமண வீட்டிலும் மரண வீட்டிலும் தோட்ட லயங்களிலும் வெற்றிலைத் தட்டு இன்றும் உபசாரத்தின் அடையாளமாகவே நீட்டப்படுகின்றது.

நொதியங்கள் உரைக்கவிருப்பதை விஞ்ஞானம் ஒருநாள் தெளிவாக வாசிக்கக்கூடும். இன்றோ, நோயாளியின் எதிர்காலத்தைப் பெரிதும் தீர்மானிப்பது அவர் எந்நிலையில் வைத்தியரை நாடுகின்றார் என்பதேயாகும். வெற்றிலையைக் கைவிடுவதும், சந்தேகத்துக்குரிய புண்ணை உடன் காட்டுவதும் எமது கைகளிலேயே உள்ளன என்பதை வலியுறுத்த விரும்புகின்றோம்.