கோவிவனும் குன்னூர் ஊசியும்

போன ஐப்பசியில ஒரு விடியக்காலை. பட்டியைத் திறந்து பார்த்தா மூணு ஆட்டுக்குட்டி குதறிப் போட்டுக் கிடக்குது. நரி இல்லை. ஏரிக்கரையில கூட்டமாத் திரியற நாய்ங்க. அதே வாரம் பள்ளிக்கூடம் போன ஒரு பொண்ணோட கெண்டைக்காலையும் அந்தக் கூட்டத்துல ஒண்ணு கடிச்சிருச்சு. சாயங்காலம் ஆலமரத்தடியில ஊர் கூடினப்போ, "எல்லாத்தையும் அடிச்சுக் கொன்னுடணும்"னுதான் முக்கால்வாசிப் பேர் சொன்னாங்க. குட்டிங்களைப் புதைச்சுட்டு வந்த எனக்கும் அப்போ அதுதான் சரின்னு பட்டுது.

நகரத்துல இருக்கற நீங்க இதை நாய் பிரியர், நாய் வெறுப்பாளர்னு ரெண்டு கட்சியாப் பிரிச்சுப் பேசறீங்க. எங்க பக்கம் அப்படிப் பிரிக்க முடியாது. நாய் இல்லாம பட்டி கிடையாது.

எங்க செங்கம் பக்கம் எடுத்தனூர்னு ஒரு ஊர். அங்கே கிடைச்ச நடுகல் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது, 7-ஆம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போராடிச் செத்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்த கல். அவன் பக்கத்துலயே அவனோட நாயையும் செதுக்கி, அதன் பெயர் கோவிவன், ரெண்டு திருடனைக் கடிச்சுக் காவல் நின்னதுன்னு எழுதியும் வெச்சிருக்காங்க. 1,400 வருஷம் ஆகியும் அந்த நாய் பேர் நமக்குத் தெரியுது. கோவிவனும் கடிச்ச நாய்தான். ஆனா அதுக்கு ஒரு பேர் இருந்துது, சோறு போட ஆள் இருந்துது, செய்ய வேலை இருந்துது.

கடியோட மறுபக்கமும் எனக்குத் தெரியும். எனக்கு ஒன்பது வயசிருக்கும். மல்லாட்டைக் கொல்லையில (நீங்க சொல்ற வேர்க்கடலைதான்) ஒரு வெறிநாய் என் கையைக் கடிச்சுது. அதே நாள், அதே நாய், எங்க தெருவுல மாடு மேய்ச்ச ஒரு பையனையும் கடிச்சுது. எங்க அப்பா விதைப்பு வேலையை விட்டுட்டு, தினமும் பஸ்ஸுல என்னைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனார். தொப்புளைச் சுத்தி 14 நாள், 14 ஊசி. வலியில அப்பா கையைக் கடிச்சிருக்கேன். அந்தப் பையன் வீட்டுல மிளகாய்ப்பொடியும் சுண்ணாம்பும் வெச்சுக் கட்டி, மந்திரிச்சு விட்டாங்க. புண்ணும் ஆறிடுச்சு. ரெண்டு மாசம் கழிச்சு, தண்ணியைப் பார்த்தாலே தொண்டை இழுத்துக்க ஆரம்பிச்சுது. அதுக்கப்புறம் பிழைக்கல.

எனக்குப் போட்ட அந்த ஊசிக்கு ஒரு சரித்திரம் இருக்குன்னு பின்னாடிதான் படிச்சேன். பாஸ்டர் பாரிஸ்ல வெறிநாய்க்கடிக்கு முதல் ஊசி போட்டது 1885-ல. இந்தியாவுல 1900-ல கசௌலியில பாஸ்டர் நிலையம் வந்துது. இமயமலை அடிவாரம், தெற்கே இருக்கறவங்களுக்கு எட்டாத தூரம். 1902-ல லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம்பெண் வெறிநாய்க்கடியால இறந்தார். அதுக்குப் பிறகு, ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தர் தந்த நன்கொடையிலிருந்து ஒரு லட்சம் ரூபாய் கிடைச்சு, 1907-ல குன்னூர் நிலையம் திறந்தாங்க. 1911-ல கசௌலியில டேவிட் செம்பிள் செய்த மருந்துதான் தொப்புள் ஊசியா நாடு முழுக்கப் பரவுச்சு. அது ஆட்டு மூளையில தயாரான மருந்து! 2004 கடைசியில அதை நிறுத்திட்டாங்க. என் உயிரைக் காப்பாத்தினதுல ஏதோ ஒரு ஆட்டுக்கும் பங்கு உண்டு.

கொல்றதுக்கும் சரித்திரம் உண்டு. 1832-ல பம்பாயில வெள்ளைக்காரன் தெருநாய்களைக் கொல்ல ஆள் விட்டப்போ பார்சிகள் பொங்கி எழுந்து ஊரே கலவரமாச்சு. சென்னை மாநகராட்சியும் ரொம்ப வருஷம் பிடிச்சுக் கொன்னுதான் பார்த்துது. நாய் குறையல. 1996-லதான் கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு விடுற வழிக்கு மாறினாங்க. 2001-ல அதுவே நாடு முழுக்க விதியாச்சு. 2025 ஆகஸ்டுல உச்ச நீதிமன்றமும் டெல்லி நாய்களை மொத்தமாப் பிடிச்சு அடைக்கச் சொல்லிட்டு, பதினோரே நாள்ல அதை மாத்துச்சு. ஊசி போட்டதை விட்ட இடத்துலயே விடலாம், வெறி பிடிச்சதையும் மூர்க்கமானதையும் மட்டும் விடக்கூடாதுன்னு சொல்லிச்சு.

கொன்னா ஏன் குறையலை? எங்க ஏரிக்கரையைப் பார்த்தாலே புரியும். அங்கே கோழிக்கடைக் கழிவை மூட்டை மூட்டையாக் கொட்டறாங்க. இருக்கற நாயைக் கொன்னா, அந்தத் தீனிக்கு அடுத்த ஊர் நாய் வரும். வர்ற நாய் ஊசி போடாத நாய்.

மறுவாரம் கூட்டத்துல இதைத்தான் சொன்னேன். சிலர் திட்டினாங்க. "உன் குட்டி செத்தும் புத்தி வரலையா"ன்னு ஒரு அண்ணன் கேட்டார். ஆனாலும் மூணு விஷயம் முடிவாச்சு. கோழிக்கடைக்காரர் குழி வெட்டிப் புதைக்கணும். வீட்டு நாயை ராத்திரி கட்டணும். கடிக்கிற பழக்கம் உள்ளதைப் பகல்லயும் அவிழ்க்கக் கூடாது. கால்நடை மருந்தக டாக்டரை வரவழைச்சு எல்லா நாய்க்கும் வருஷா வருஷம் ஊசி போடணும். நூத்துக்கு எழுபது நாய்க்குப் போட்டாலே வெறிநோய் பரவறது நின்னுடும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. முதல் முகாமுக்கு எங்க பட்டி நாய் மணியை நானே பிடிச்சுட்டுப் போனேன். ஏரிக்கரைக் கூட்டம் இன்னும் முழுசாக் கலையல. அதுங்களுக்குக் கருத்தடை செய்யச் சொல்லி ஊராட்சியில மனு கொடுத்திருக்கோம்.

கடிபட்ட பொண்ணு நல்லா இருக்கா. அவ அம்மா ஓடும் தண்ணியில சோப்புப் போட்டு கால் மணி நேரம் கழுவிட்டு, அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. ரத்தம் வந்த கடிங்கறதால காயத்தைச் சுத்தியும் மருந்து போட்டாங்க. அப்புறம் 3, 7, 28-ஆம் நாள்ல ஊசி, எல்லாம் கையிலதான். தொப்புளைச் சுத்தி 14 ஊசின்னு நான் சொன்னா அவ நம்பறதில்லை. உங்க வீட்டுல யாரையாவது நாய் கடிச்சா, யார் நாய்னு சண்டை போடறதுக்கு முன்னாடி முதல்ல கழுவுங்க, உடனே ஊசிக்குப் போங்க. மாடு மேய்ச்ச பையனுக்கும் எனக்கும் இருந்த வித்தியாசம் அது ஒண்ணுதான்.