குமாயூன் மலையும் 275 ரிக்பி தோட்டாவும்

புலிவேட்டையால் புகழெய்திய ஜிம் கார்பெட், மொகாமே காட்டில் ரயில்வே சரக்கு மாற்றும் ஒப்பந்தக்காரராக இருந்தவர் என்பதை நம் ரயில்வே அன்பர்களிற் பலர் அறியார். 1907-இல் சம்பாவத் ஆட்கொல்லிப் பெண்புலியை வீழ்த்தியமைக்காக, ஐக்கிய மாகாண லெப்டினன்ட் கவர்னர் ஹியூவெட் அவருக்கு அளித்த பரிசு, லண்டன் ரிக்பி கம்பெனியாரின் 275 துப்பாக்கியாகும். (அப்புலியை இறுதியில் வீழ்த்தியதோ, தாசில்தாரிடம் ஓடி வாங்கிய துப்பாக்கி!)

இதன் தோட்டா ஜெர்மானிய மௌசர் கம்பெனியார் போருக்கென ஆக்கியது. குண்டு 7 மில்லிமீட்டர். பித்தளைக் கூடு 57 மில்லிமீட்டர் நீளம். 1899-இல் தொடங்கிய போயர் யுத்தத்தில் இது எட்டும் தூரத்தை ஆங்கிலப் படை தன் உயிர்ச்சேதத்தால் அறிந்தது. ரிக்பியார் பழைய 173 கிரெயின் மொட்டைக் குண்டை விடுத்து, 140 கிரெயின் கூர்முனைக் குண்டை இட்டனர். எடை 9 கிராமே.

மலையில் கோரல் ஆட்டுக்கும் வேடனுக்கும் இடையே பெரும் பள்ளம் கிடக்கும், நெருங்க வழியில்லை. கனத்த குண்டு மெல்லச் சென்று வழியிலேயே தாழும். தூரத்தைத் தவறாக மதித்தால் அது காலில் பட்டு, விலங்கு நொண்டி ஓடி எங்கோ மடியும். இலேசான கூர்குண்டோ விரைந்து செல்வதால் அத்துணை தாழாது. தோளில் உதைப்பும் குறைவு. அவ்வேட்டை பின்னர் வனவிலங்குச் சட்டத்தால் முடிந்தது.

1926-இல் ருத்ரப்பிரயாகை ஆட்கொல்லிச் சிறுத்தையும் இந்த 275-க்கே இரையாயிற்று. அதுவோ இருளில், மிக அருகில்!