மின்னூற்பு

மின் + நூற்பு. ‘நூல்’ பெயர்ச்சொல் மட்டுமல்ல, வினையும்கூட: நூற்றாள், நூற்கிறாள். நூற்பாலை அந்த வழியில் வந்ததே. ‘மின்’ மின்னலிலிருந்து, இதற்கு நிகரான ஆங்கிலச் சொல்லான ‘electrospinning’-இன் முற்பாதியோ அம்பருக்கான கிரேக்கப் பெயரில் பிறந்தது.

இந்த நூற்பில் கதிரும் இல்லை, தக்களியும் இல்லை. எடுத்துக்காட்டாக, மக்காச்சோளப் புரதமான ஸீனை நீர் கலந்த எத்தனாலில் கரைத்து, மஞ்சளின் குர்குமினைச் சேர்த்து, ஊசிமுனைக்குப் பல ஆயிரம் வோல்ட் கொடுப்பார்கள். துளி கூம்பாகக் கூரும். 1964இல் அதைக் கணக்கிட்டு விளக்கிய ஜெஃப்ரி டெய்லரின் பெயரால் அது டெய்லர் கூம்பு. அதன் நுனியிலிருந்து தாரை சீறிச் சாட்டையாய்ச் சுழலும். போகிற வழியிலேயே கரைப்பான் ஆவியாகிவிட, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழை எதிரிலுள்ள தகட்டில் படியும். நீரில் எளிதில் கரையாத குர்குமின் அதற்குள் சிறைப்பட்டு, இழை ஊறவும் சிதையவும் சிறிது சிறிதாக வெளிவரும். ‘கட்டுப்படுத்திய விடுவிப்பு’ என்பது இதுதான்.

இழையை ‘மின்னூல்’ எனலாமென்றால், அப்பெயரை மின்புத்தகம் எடுத்துக்கொண்டது. ‘மின்னூற்பு இழை’ என்றே சொல்லலாம். ஆனால் பிரித்து எழுதுவது நல்லது. புணர்த்தினால் பிழை வந்துவிடும்!