முகஞ் சீராக்கும் வைத்தியர் கற்ற வரலாறு

குழந்தையொன்றின் முகத்தில் முதன்முதலாகக் கத்தி வைக்கின்ற வைத்தியன் அதனை எங்கே கற்றான்? யாரிடம் கற்றான்? எதன்மீது பழகினான்? பிளந்த உதட்டோடு பிறந்த மகவைச் சத்திரசிகிச்சைக் கூடத்தின் வாசலில் ஒப்படைத்துவிட்டு வெளியே காத்திருக்கும் தாயின் நெஞ்சில் இவ்வினாக்கள் எழாதிருக்கமாட்டா. மரியாதை கருதி அவள் அவற்றை வாய்விட்டுக் கேட்பதில்லை. அவள் கேளாத வினாவுக்கு வரலாறு கூறும் விடையையே இன்று நேயர்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

மிகப் பழைய விடை நம் உபகண்டத்திலிருந்தே கிடைக்கின்றது. அறுந்த மூக்கையும் கிழிந்த காதுமடலையும் சீர்செய்யும் முறைகளைக் கூறும் சுசுருத சங்கிதை, மாணவன் கைப்பழக்கம் பெறவேண்டிய விதத்தைக் கூறுவதற்கெனத் தனி அத்தியாயமொன்றை ஒதுக்கியுள்ளது. வெட்டுதலைப் பூசணி, சுரை, வெள்ளரி முதலிய காய்களிற் பழகுக. கீறுதலை நீரும் சேறும் நிரப்பிய தோற்பையிற் பழகுக. நாளந் திறத்தலை இறந்த விலங்கின் நாளத்திலும் தாமரைத் தண்டிலும் பழகுக. தைத்தலைத் துணியிலும் மெல்லிய தோலிலும், கட்டுப்போடுதலைப் பாவையிலும் பழகுக என அது விதிக்கின்றது. நூலறிவு எத்துணை நிரம்பியவனாயினும் பழகாத கையுடையவன் தொழிலுக்குத் தகான் என்பது அதன் தீர்ப்பு. நோயாளியின் உடல் மாணவனின் கரும்பலகையன்று என்பதை அக்காலத்தவர் தெளிவாக அறிந்திருந்தனர்.

பிற்காலத்தில் இக்கலை ஏட்டை விட்டுக் குடும்பங்களுக்குட் புகுந்துகொண்டது. 1794ஆம் ஆண்டு லண்டனில் வெளிவந்த 'ஜென்ரில்மன்ஸ் மகசீன்' என்னும் சஞ்சிகை, புனே நகரிலிருந்து வந்த செய்தியொன்றைப் படத்துடன் வெளியிட்டது. ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்பு சுல்தானின் ஆட்களிடம் அகப்பட்டு மூக்கை இழந்தவர். செங்கல் செய்யும் குலத்தவர் ஒருவர் அவரது நெற்றித் தோலை இறக்கிப் புதுமூக்கு அமைத்துக் கொடுத்தார். குலத்தைக் குறித்த சஞ்சிகை, அந்தக் கைவல்லோனின் பெயரைக் குறிக்கவில்லை. தந்தை மைந்தனுக்குக் காட்ட, மைந்தன் பேரனுக்குக் காட்ட, பிறர் அறியாவண்ணம் வந்த வித்தை அது. இம்முறையைப் பின்பற்றி 1814இல் லண்டனில் சத்திரசிகிச்சை செய்த ஜோசப் கார்ப்பு என்பவர் 1816இல் அதனை நூலாக வெளியிட்டார். மூடியிருந்த கதவு அங்கே சற்றே திறந்தது.

கதவு என்று உவமையாகவே சொன்னேன். எனினும் இவ்வரலாற்றில் உண்மையாகவே ஒரு கதவு உண்டு. முதலாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1915ஆம் ஆண்டில், நியூசிலாந்திற் பிறந்த ஹரல்ட் கில்லிஸ் என்னும் இளம் வைத்தியர் பாரிஸ் நகரின் வால் த கிராஸ் இராணுவ வைத்தியசாலைக்குச் சென்றார். அங்கே முகச் சத்திரசிகிச்சையிற் பெயர்பெற்றிருந்த மொரெஸ்தன், முகத்திலிருந்த புற்றுநோயை அகற்றிவிட்டு அயலிலிருந்த தோலைத் திருப்பி அக்குழியை மூடியதைக் கண்டு அவர் மெய்ம்மறந்தார். அக்கணமே தம் வாழ்வின் பணி இதுவெனத் துணிந்தார். ஆனால் மறுமுறை சென்றபோது மொரெஸ்தன் அவரை உள்ளே அனுமதிக்கவில்லை.

வெளியே நிறுத்தப்பட்ட மாணவன் என்ன செய்வான்? சிலர் மனங்கசந்து, தாம் அறிந்ததையும் மறைத்துக்கொள்வர். கில்லிஸ் அதற்கு நேர்மாறானவர். 1917இல் லண்டனுக்கு அண்மையில் உள்ள சிட்கப்பில் முகங்காயமுற்ற போர்வீரருக்கென வைத்தியசாலை திறக்கப்பட்டபோது, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாட்டு வைத்தியர்களும் அங்கே தத்தம் பிரிவுகளுடன் பணியாற்றினர். அமெரிக்கரும் வந்து கற்றனர். பல்வைத்தியரும் உடனிருந்து தாடையைச் சீர்செய்தனர். சத்திரவைத்தியராயிருந்து ஓவியராக மாறிய ஹென்றி ரொங்ஸ் சிதைந்த முகங்களை வண்ணக்கோலால் வரைந்துவைத்தார். வெற்றிகளை மட்டுமன்றித் தவறிப்போனவற்றையும் பதிந்து வைக்கும் வழக்கம் அங்கே இருந்தது. அவற்றின் பயனாக 1920இல் கில்லிஸின் பெருநூல் வெளிவந்தது. இருந்தும், 1939இல் அடுத்த போர் தொடங்கியபோது பிரித்தானியா முழுவதிலும் முழுநேரப் பிளாஸ்திக் சத்திரசிகிச்சையாளர் நால்வரே இருந்தனர். கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது. உள்ளே வருவோனைப் படிப்படியாக ஆக்கிவிடும் ஒழுங்கும் வேண்டும்.

அவ்வொழுங்கு அமெரிக்காவில் உருவாயிற்று. 1889இல் பால்ரிமோர் நகரில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலை திறக்கப்பட்டபின், வில்லியம் ஹால்ஸ்டெட் அங்கே வதிவிடப் பயிற்சியை ஏற்படுத்தினார். பட்டம் பெற்ற இளைஞர் வைத்தியசாலையிலேயே வசித்து, ஆண்டுக்காண்டு பொறுப்புக் கூடப்பெற்று, ஈற்றில் தாமே சத்திரசிகிச்சை நடத்துமளவிற்கு உயர்வர். பழைய குருகுலந்தான், ஆயின் கால எல்லையும் படிமுறையும் உடைய குருகுலம். 1937இல் பிளாஸ்திக் சத்திரசிகிச்சைக்கெனத் தனியான தேர்வுச் சபையும் அந்நாட்டில் அமைந்தது.

இவையெல்லாம் பெரும்பாலும் போர்வீரர் முகங்களில் விளைந்த கல்வி. குழந்தையின் முகம் வேறு. கில்லிஸிடம் பயின்ற அமெரிக்கரான ரால்ஃப் மில்லார்ட், கொரியாவிற் படை வைத்தியராயிருந்தபோது அங்குள்ள பிளந்த உதட்டுக் குழந்தைகளைக் கண்டு புதுமுறையொன்றை வகுத்தார். பிளவின் ஒருபுறத்தைச் சுழற்றிக் கீழிறக்கி, மறுபுறத்தை முன்கொணர்ந்து அவ்விடத்தை நிரப்புவது அது. தழும்பு உதட்டின் இயல்பான வரம்பிலேயே மறைந்து நிற்கும். 1955இல் ஸ்ரொக்ஹோமில் நடந்த முதலாவது சர்வதேசப் பிளாஸ்திக் சத்திரசிகிச்சை மாநாட்டில் அதனை அவர் எடுத்துரைத்தார். உலகெங்கும் மாணவர் கற்கும் முறைகளுள் அது இன்றும் ஒன்று.

மண்டையோட்டின் பொருத்துக்கள் காலத்துக்கு முன்னரே ஒட்டிவிடுவதால் நடுமுகம் உள்வாங்கி, கண்கள் வெளியே பிதுங்கித் தோன்றும் குழந்தைகளுக்கோ நெடுங்காலம் வழியிருக்கவில்லை. 1940களில் கில்லிஸ் ஒருமுறை அத்தகைய முகத்தின் எலும்புகளைப் பிரித்து முன்னகர்த்தினார். மீண்டும் அதனைச் செய்யத் துணியவில்லை என்பர். ஆசான் நிறுத்திய இடத்திலிருந்து தொடங்கியவர் பிரான்ஸ் தேசத்தவரான போல் தெஸ்ஸியே. இவர் போருக்குப் பின் இங்கிலாந்து சென்று கில்லிஸின் வேலையைப் பார்த்தறிந்தவர். அத்தகைய முகமுடைய இளைஞன் ஒருவன் 1950களின் பிற்பகுதியில் தம்மிடம் வந்தபோது, தெஸ்ஸியே உடனே கத்தியை எடுத்துவிடவில்லை. பாரிஸில் பிரேதங்களில் ஆய்வதற்கு வசதி கிடைக்காமையால், பகல் வேலை முடிந்ததும் புகைவண்டியேறித் தம் ஊருக்கு அண்மையிலுள்ள நாந்த் நகருக்குச் சென்று, இரவில் அங்குள்ள உடற்கூற்றுக் கூடத்தில் எலும்புகளை வெட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவார். புகழ்பெற்ற ஆசான் மறுபடியும் மாணவனாகி மேற்கொண்ட இந்த இரவுப் பயணங்களே இவ்வரலாறு முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

தொலைவிலகி நிற்கும் கண்குழிகளை நெருக்கமாக்குவதற்கு மண்டையோட்டைத் திறந்து மூளைப்பக்கமாகச் செல்லலாமா என அவர் நரம்புச் சத்திரவைத்தியர் ஜெரார் கியோவிடம் வினவியபோது, 'ஏன் கூடாது?' என அவர் விடையிறுத்தாராம். 1967இல் உரோமாபுரி மாநாட்டில் தெஸ்ஸியே தம் முடிவுகளைக் காட்டியபோது சபை திகைத்தது. அதன்பின் அவர் செய்ததுதான் பெரிது. பல துறை வல்லுநரைப் பாரிசுக்கு அருகிலுள்ள ஃபோஷ் வைத்தியசாலைக்கு அழைத்து, தம் நோயாளரைக் காட்டி, அவர்கள் கண்முன்னே சத்திரசிகிச்சையும் செய்து, இதனைத் தொடரலாமா, கைவிடவேண்டுமா என்று தீர்ப்புக் கேட்டார். தொடர்க என்றனர். அன்றுமுதல் அவரது கூடத்திற்கு மாணவர் வரத்தொடங்கினர். மெக்சிக்கோவின் ஓர்த்திஸ் மொனஸ்தேரியோ, ரொறன்ரோவின் இயன் மன்றோ, பிலடெல்பியாவின் லின்ரன் விற்றக்கர், மயாமியின் அந்தனி வுல்ஃப் ஆகியோர் அவரிடம் பார்த்தறிந்ததைத் தத்தம் ஊர்களில் வேரூன்றச் செய்தனர்.

இன்று அமெரிக்காவில் இத்துறையை நாடுபவர், வைத்தியப் பட்டத்தின்பின் ஆறாண்டு வதிவிடப் பயிற்சியை முடிக்கவேண்டும். அல்லது வேறொரு சத்திரசிகிச்சைத் துறையிற் பயிற்சியை முடித்து மேலும் மூன்றாண்டு பயிலவேண்டும். அதன்மேல் பெலோஷிப் எனப்படும் ஓராண்டுத் தனிப்பயிற்சி. அவ்வாண்டில் அவர் முழுத் தகுதி பெற்ற வைத்தியரே. எனினும் மேசையின் எதிர்ப்புறத்தில் மூத்தவர் நிற்பார். நரம்புச் சத்திரவைத்தியர், பல்வைத்தியர், பேச்சுப் பயிற்சியாளர் ஆகியோருடன் ஒரே குழுவாக இருந்து வேலை செய்யவும் அவர் கற்பார்.

இத்துணை நீண்ட காலம் வேண்டுமா என்று கேட்போர் உளர். ஆசிரிய கலாசாலை மாணவன் பிழையாக நடத்திய பாடத்தை மறுநாள் திருத்தி நடத்திவிடலாம். பிள்ளைகள் பெருந்தன்மையுடன் மறந்துவிடுவர். வளரும் முகம் அவ்வாறு மறப்பதில்லை. அதற்குச் சான்று நமது இலங்கையிலேயே கிடைத்தது. 1984ஆம் ஆண்டு முதல் லண்டனைச் சேர்ந்த மைக்கல் மார்ஸ் என்னும் பல்சீரமைப்பு வைத்தியர், உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் உடையோருக்குத் தென்னிலங்கையில் சிகிச்சையளிக்க வந்த குழுவினருடன் பணியாற்றினார். சத்திரசிகிச்சை எதுவும் பெறாமலே வளர்ந்தவர் பலரை அவர் இங்கே கண்டார். அவர்களுடைய மேற்றாடை பெரும்பாலும் இயல்பாகவே வளர்ந்திருந்தது. குழந்தைப் பருவத்திற் சத்திரசிகிச்சை பெற்ற மேலைநாட்டவர் பலரிடம் காணப்பட்ட மேற்றாடைக் குறுக்கம், பிளவினால் மட்டும் வந்ததன்று, அண்ணத்தை மூடிய கத்தியினாலும் வந்ததென்பது அதனாற் புலனாயிற்று. அதனால் சத்திரசிகிச்சை வேண்டாமென்று எவரும் கொள்ளவில்லை. மூடாத அண்ணத்தோடு வளர்ந்தவரின் பேச்சு பிறருக்கு விளங்குவது அரிது. எந்த வயதில், எம்முறையில், எத்துணை மென்மையாகச் செய்வது என்பதே வினாவாயிற்று.

ஓராண்டுப் பயிற்சிக்கு வந்த இளவைத்தியர் மூடிய அண்ணத்தின் உண்மையான பெறுபேறு, அக்குழந்தை பதினாறு பதினேழு வயதை அடையும்போதுதான் தெரியவரும். அதற்குள் அவர் தாமே பலருக்கு ஆசானாகிவிட்டிருப்பார். ஆகையினாற்றான் இத்துறையின் குழுக்கள், ஒரு குழந்தையைத் தொட்டால் அதன் படங்களையும் அளவுகளையும் பேச்சுப் பதிவுகளையும் வளர்ச்சி முடியும்வரை ஆண்டுதோறும் சேர்த்துவைத்து, புதிதாக வரும் மாணவரை முதலில் அக்கோவைகளுக்கு முன்னே இருத்துகின்றன.