தனிப்பயன் லினக்ஸ் கெர்னல்கள்

லினக்ஸ் கெர்னலின் மூலநிரலில் அமைப்புகளை மாற்றியோ பேட்ச்களைச் சேர்த்தோ தொகுக்கப்படுபவை தனிப்பயன் கெர்னல்கள். ஸென், லிக்கரிக்ஸ், எக்ஸான்மாட் ஆகியவை மேசைக்கணினிக்காரர்களிடம் பெயர்பெற்றவை. பின்னணியில் பெரிய வேலை ஓடும்போதும் சுட்டி திணறக் கூடாது, பாட்டு நடுவில் அறுபடக் கூடாது என்பதே இவற்றின் நோக்கம். அதற்காக மொத்த வேலைத்திறனில் கொஞ்சம் இழக்கவும் நேரும்.

எந்த நிரலுக்கு எப்போது சிபியு கிடைக்கும் என்று முடிவுசெய்யும் ஷெட்யூலரில்தான் பெரும்பாலும் கை வைப்பார்கள். கெர்னலின் கடிகாரத் துடிப்பான டிக்கின் எண்ணிக்கையும் கூட்டப்படும்: நொடிக்கு 250 என்றால் இடைவெளி 4 மில்லிநொடி, 1000 என்றால் 1 மில்லிநொடி. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு சட்டகத்துக்கே ஏறக்குறைய 16.7 மில்லிநொடி ஆகிறது. ஆகவே சும்மா கிடக்கும் கணினியில் இந்த வித்தியாசம் கண்ணுக்குப் படாது. சுமை ஏறித் தாமதங்கள் சேரும்போதுதான் தெரியும்.

தனிப்பயன் கெர்னல்களின் வரலாற்றில் தனியிடம் கான் கொலிவாஸுக்கு உண்டு. ஆஸ்திரேலியாவில் மயக்கவியல் மருத்துவராக இருந்துகொண்டே 'சிகே' என்ற பேட்ச் தொகுப்பைப் பல ஆண்டுகள் பராமரித்தவர் அவர். கெர்னல் வளர்ச்சி சர்வர்களையே நோக்கிப் போகிறது, வீட்டுக் கணினி கவனிப்பாரின்றிக் கிடக்கிறது என்று வருந்தினார். 2007இல் சிபியு நேரத்தை நியாயமாகப் பங்கிடும் ஷெட்யூலர் ஒன்றை வெளியிட்டார். ஆனால் அதே ஆண்டு லினக்ஸ் கெர்னலின் 2.6.23 பதிப்பில் இடம்பிடித்தது இங்கோ மோல்நார் எழுதிய சிஎஃப்எஸ் என்ற ஷெட்யூலர். நியாயமான பங்கீடு சாத்தியம் என்று காட்டியவர் கொலிவாஸ் என்பதை மோல்நாரே ஒப்புக்கொண்டார். கசப்போடு விலகிய கொலிவாஸ், 2009இல் பிஎஃப்எஸ், 2016இல் மக்ஸ் என்ற ஷெட்யூலர்களோடு திரும்பினார். அவை லினக்ஸின் அதிகாரப்பூர்வ மூலக் கெர்னலில் சேரவே இல்லை. ஆனாலும் மேசைக்கணினியின் தேவையை ஷெட்யூலர் பற்றிய விவாதத்தின் நடுவுக்குக் கொண்டுவந்தது அவருடைய பிடிவாதம்தான்.

பின்னர் மூலக் கெர்னலே இத்திசையில் நகர்ந்தது. 2011இல் 2.6.38 பதிப்பு, நிரல்களைத் தானாகக் குழுபிரித்து நேரம் பகிரும் வசதியைத் தந்தது. 2023இல் 6.6 பதிப்பில் சிஎஃப்எஸ் முறைக்குப் பதிலாக, காத்திருப்புத் தாமதத்தையும் கணக்கில் எடுக்கும் ஈஈவிடிஎஃப் என்ற ஷெட்யூலர் வந்தது. 2024இல் வெளியான 6.12 பதிப்பு முதல், கெர்னலை மறுபடி தொகுக்காமலே ஷெட்யூலரை மாற்றலாம்.

ஆனால் ரேம் பற்றாமல் வட்டுக்கும் நினைவகத்துக்கும் தரவு அலையும் கணினிக்கு எந்த ஷெட்யூலரும் மருந்தாகாது. அங்கே முதலில் கூட்ட வேண்டியது ரேம்.