சத்திரமும் இல்லமும்

எங்கள் சோளிங்கரில் நரசிம்மர் மலைக்கு வருவோர் தங்கச் சத்திரங்கள் உண்டு. திரும்பிச் செல்ல வீடுடையார்க்கே சத்திரம் பயன்படும். வீடே அற்ற பெண் எங்கே செல்வாள்? மாணவர்களே, சென்னையில் இவ்வினாவுக்கு விடை கண்ட வரலாற்றைச் சொல்கிறேன்.

1912இல் சகோதரி சுப்பலட்சுமி இளம் விதவையர்க்கென ஓர் இல்லம் தொடங்கினார். முதலில் அது பிராமணப் பெண்களுக்கே இடமளித்தது. அக்காலத்து விடுதிகள் பலவும் சாதி பார்த்தே சேர்த்தன.

சிறுமியரைக் கோயிலுக்கு நேர்ந்து பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சட்டசபையில் எதிர்த்து வாதாடியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1930இல் அவ்வழக்கத்துக்கு அஞ்சித் தப்பி வந்த பெண்கள் சிலர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். விடுதிகளோ அவர்களைச் சேர்க்க மறுத்தன. தம் வீட்டிலேயே வைத்துக் கொண்டார் அம்மையார். அதுவே ஔவை இல்லம் ஆயிற்று. அங்கே சாதி கேட்கப்படவில்லை.

சோற்றோடு கல்வியும் கைத்தொழிலும் கற்பித்தனர். ஆசிரியத் தொழிலில் நெடுநாள் கழித்த நான் இதனையே பெரிதாக மதிக்கிறேன். சோறு மட்டும் இட்டிருந்தால் அதுவும் ஒரு சத்திரமாகவே நின்றிருக்கும். பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது 1947இல்; இல்லமோ அதற்கு 17 ஆண்டுகள் முந்தியது. பின்னர் அது அடையாற்றுக்குப் பெயர்ந்தது. ஆதரவற்ற சிறுமியர் இன்றும் அங்கே தங்கிப் படிக்கின்றனர்.