மேல்முறையீட்டில் விடுதலையான பிறகு காவல்துறை மீது புகார்: ஓராண்டுக்குள் செய்ய வேண்டியவை

உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ மேல்முறையீட்டில் விடுதலை கொடுத்துவிட்டால், வீட்டில் பெரியவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "பிள்ளை வீடு வந்து சேர்ந்தானே, அது போதும். இனி போலீஸ், கோர்ட் எதுவும் வேண்டாம்." பல ஆண்டுகள் சிறை வாசலில் காத்து நின்ற குடும்பம் அப்படி நினைப்பதில் தவறில்லை. ஆனால் பொய்யாக வழக்கு ஜோடித்தவர்கள், அடித்து வாக்குமூலம் வாங்கியவர்கள் மீது நடவடிக்கை வேண்டும் என்று நினைக்கும் குடும்பங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தீர்ப்பு வந்த நாளிலிருந்தே காலக்கெடு ஓடத் தொடங்குகிறது.

விடுதலை மட்டும் போதாது

குஜராத்தின் அக்‌ஷர்தாம் கோயில் தாக்குதல் வழக்கில் ஆறு பேரை உச்ச நீதிமன்றம் 2014 மே 16 அன்று விடுதலை செய்தது. அவர்களில் மூவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. புலனாய்வை நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. ஆனாலும் அவர்கள் இழப்பீடு கேட்டுச் சென்றபோது, விடுதலையானதாலேயே இழப்பீட்டுக்கு உரிமை வந்துவிடாது என்று கூறி, 2016-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

நாகர்கோவிலில் பிறந்த இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணனை 1994-ல் கேரள போலீஸ் உளவு வழக்கில் கைது செய்தது. அந்தக் குற்றச்சாட்டு பொய் என்று 1996-ல் சி.பி.ஐ. அறிக்கை கொடுத்தது. அவர் அதோடு நிற்கவில்லை. மனித உரிமை ஆணையம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று தொடர்ந்து போராடினார். 2018-ல் உச்ச நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டு, அதிகாரிகளின் பங்கை ஆராயக் குழுவும் அமைத்தது. 2021-ல் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது.

எந்த அதிகாரி, எந்த நாளில், என்ன செய்தார் என்பதைத் தனியாக நிறுவ வேண்டும் என்பதே இவ்விரண்டும் தரும் பாடம்.

முதல் வேலை

தீர்ப்பின் சான்றிட்ட நகலை உடனே வாங்குங்கள். "சந்தேகத்தின் பலன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறதா, அல்லது சாட்சியம் புனையப்பட்டது, ஆவணத்தில் தேதி திருத்தப்பட்டது, வாக்குமூலம் மிரட்டி வாங்கப்பட்டது என்று நீதிமன்றமே பதிவு செய்திருக்கிறதா என்று வக்கீலுடன் உட்கார்ந்து பாருங்கள். அந்தப் பத்திகள்தான் புகாரின் அடித்தளம். அவற்றோடு கைதுக் குறிப்பாணை, மருத்துவப் பரிசோதனைச் சீட்டு, ரிமாண்ட் உத்தரவு, சிறையில் சேர்த்தபோது காயம் பதிவான விவரம் ஆகியவற்றையும் சேர்த்து வையுங்கள்.

எங்கே செல்வது?

1. துறை நடவடிக்கை: விடுதலையில் முடியும் ஒவ்வொரு வழக்கையும் ஆராய்ந்து, தவறிழைத்த புலனாய்வு அதிகாரிகள் மீது துறை நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2014 ஜனவரி 7 அன்று ஒரு குஜராத் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. இதைக் குறிப்பிட்டு உள்துறைச் செயலாளருக்கும் டி.ஜி.பி.க்கும் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி, என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று கேளுங்கள்.

2. புகார் ஆணையம்: 2006-ல் பிரகாஷ் சிங் வழக்குத் தீர்ப்பில் மாநில, மாவட்ட அளவில் காவல்துறை புகார் ஆணையங்கள் அமைக்கச் சொல்லப்பட்டது. ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமை வகிக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு. தமிழ்நாட்டில் உள்துறைச் செயலாளரும் மாவட்ட ஆட்சியர்களும் தலைவர்களாக்கப்பட்டார்கள். குறை இருந்தாலும் மனு கொடுத்ததற்கான பதிவு பின்னர் பயன்படும்.

3. மனித உரிமை ஆணையம்: சம்பவம் நடந்து ஓராண்டு கடந்தால் ஆணையம் விசாரிக்க முடியாது. விடுதலை வரும்போது பெரும்பாலும் இந்தக் கதவு மூடியிருக்கும். எனவே காவலில் அடித்தார்கள் என்றால் மேல்முறையீடு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

4. குற்ற வழக்கு: பொய்ச் சாட்சியம் அளித்ததற்கு அந்த நீதிமன்றத்திலேயே மனு செய்ய வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 340-வது பிரிவு, இப்போது பி.என்.எஸ்.எஸ். 379. அடித்து வாக்குமூலம் வாங்கியது 2024 ஜூலை 1-க்கு முன் என்றால் ஐ.பி.சி. 330, பின் என்றால் பி.என்.எஸ். 120. அரசு ஊழியர் மீது வழக்குத் தொடர அரசின் முன் அனுமதி தேவைப்படலாம். புதிய சட்டத்தின் 218-வது பிரிவுப்படி 120 நாட்களில் அரசு முடிவு செய்யாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கருதப்படும்.

5. இழப்பீடு: அடிப்படை உரிமை மீறப்பட்டது வெளிப்படையாகத் தெரிந்தால் 226-வது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். கெட்ட நோக்கத்தோடு வழக்குத் தொடுத்ததற்காக சிவில் வழக்கும் போடலாம். அதற்கு விடுதலை நாளிலிருந்து ஓராண்டுதான் கெடு. சட்டவிரோதக் காவலுக்கான வழக்கில் காவல் முடிந்த நாளிலிருந்து ஓராண்டு. அரசு மீது வழக்குப் போடுமுன் இரண்டு மாத நோட்டீஸ் தர வேண்டும். விடுதலைக்குச் சந்தேகத்தின் பலன் போதும். இந்த வழக்கில் நியாயமான காரணம் இல்லை என்பதையும் கெட்ட நோக்கத்தையும் நாம்தான் நிரூபிக்க வேண்டும்.

பணம் இல்லையே என்றால்

மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்கள், குழந்தைகள், வருமான வரம்புக்குள் உள்ளவர்கள் ஆகியோருக்கு இலவச வக்கீல் கிடைப்பார். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். பிள்ளைக்காக மனு போடும் தாய்க்கும் மனைவிக்கும் வருமான வரம்பு பார்க்கப்படாது.

இதைத் தொடர்வதா, வேண்டாமா என்பது ஒவ்வொரு குடும்பமும் கலந்து பேசி எடுக்க வேண்டிய முடிவு. வேண்டாம் என்றாலும் அது தெரிந்து எடுத்த முடிவாக இருக்கட்டும். ஓராண்டு கடந்துபோனதால் வந்த முடிவாக இருக்க வேண்டாம். தீர்ப்பு வந்த தேதியை இன்றே காலண்டரில் குறித்து வையுங்கள்.